ஒரு கிலோ விலை

வாயை ஆவென்று திறந்து, நாக்கின் மேல் எவர்சில்வர் கரண்டிக் காம்பு அழுத்திக்கொண்டிருக்க, எதிரே செல்போன் விளக்கைப் பிடித்தபடி ஒருத்தி "இன்னும் கொஞ்சம் திறங்கப்பா" என்று அதட்டும்போது, ஒரு குடும்பத் தலைவனுக்கு வீட்டில் மிச்சமிருக்கும் மரியாதை எவ்வளவு என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம். ஞாயிற்றுக்கிழமை, காலை ஒன்பது மணி. இட்லி ஆறிக்கொண்டிருந்தது.

மகள் மைசூரில் பேச்சு–கேட்டல் படிப்பில் சேர்ந்திருக்கிறாள். திக்குவாய், காது கேளாமை, பக்கவாதம் வந்து பேச்சு போனவர்கள் என்று பலருக்கும் பயிற்சி கொடுக்கிற படிப்பு. இதற்கென்றே மத்திய அரசு 1965-ல் அந்த ஊரில் ஒரு நிறுவனம் தொடங்கியிருக்கிறது. லீவுக்கு வந்தவளுக்கு வீட்டுப்பாடம்: தமிழ் பேசும் ஒருவரின் உயிரெழுத்துகளைப் பதிவுசெய்து அளந்து வர வேண்டும்.

ஆளைத் தேடி எங்கே போவது? நான் இருக்கிறேனே. மதுரைக்காரன். தமிழ் வழியில் படித்தவன். கம்பெனி ஆயுத பூஜைப் பட்டிமன்றத்தில் மூன்று வருஷம் பேசி, மூன்று வருஷமும் மணி அடித்து உட்கார வைக்கப்பட்டவன். அடுத்தவர் ழகரத்தைத் திருத்துவது எனக்குப் பொழுதுபோக்கு. "வாளப்பளம்" என்று கூவிய தள்ளுவண்டிக்காரரை நிறுத்தி நான் பாடம் நடத்தியதில், அவர் மறுவாரத்திலிருந்து பக்கத்துத் தெருவோடு திரும்பிவிடுகிறார். இப்போது பழத்துக்கு நாங்கள் பக்கத்துத் தெருவுக்குப் போகிறோம்.

ஆனால் உயிரெழுத்தை நான் சந்தேகப்பட்டதே இல்லை. ஊரில் சண்டையெல்லாம் ழ, ள, ல மேல்தான். அ, ஆவில் தப்பு பண்ண என்ன இருக்கிறது? பிறந்த குழந்தையே சொல்லுகிறதே!

"அங்கதான் விஷயம்" என்றாள் மகள், கரண்டியை எடுத்துவிட்டு. "ப சொன்னா ரெண்டு உதடும் முட்டும். த சொன்னா நாக்கு பல்லுல முட்டும். எங்க முட்டுதுன்னு சொல்லிட்டா மெய்யெழுத்து கதை பாதி முடிஞ்சது. உயிர்ல காத்துக்குத் தடையே கிடையாது. தொண்டையில குரல்நாண் அதிருது, அந்தச் சத்தம் வாய்ங்கிற பாத்திரத்துக்குள்ள வந்து வேற வேற ஒலியா வெளியே போகுது. நாக்கு அசைஞ்சா பாத்திரத்தோட வடிவம் மாறுது. அவ்வளவுதான்."

இது எனக்கு உடனே புரிந்தது. தண்ணீர் விடுகிற நாளில் குடம் நிறைய நிறையக் குழாயடிச் சத்தம் மாறிக்கொண்டே போகுமே, அதைக் கேட்டே எழுந்து ஓடுகிறவன் நான்.

மூன்று அளவுகள் போதுமாம். நாக்கு மேலேயா கீழேயா, முன்னாலேயா பின்னாலேயா, உதடு குவிந்ததா இல்லையா. ஈ என்றால் நாக்கு மேலே, முன்னே, உதடு விரிந்து. ஊ என்றால் மேலே, பின்னே, உதடு குவிந்து. ஆ என்றால் நாக்கு அடிமட்டத்தில். ஏயும் ஓவும் இடைப்படிகள். டாக்டர் ஆ சொல்லச் சொல்வது நாக்கு இறங்கித் தொண்டை தெரியட்டும் என்பதற்காக. ஸ்டுடியோக்காரர் சீஸ் சொல்லச் சொல்வது ஈ வந்து உதடு விரியட்டும் என்பதற்காக. என் கல்யாண ஆல்பத்தில் ஒரு படத்திலும் நான் சிரிக்கவில்லை என்பது எங்கள் வீட்டு நெடுநாள் புகார். படம் எடுத்தவர் பழம் என்று சொல்லச் சொன்னார். நான் ழகரத்தில் கவனமாக இருந்துவிட்டேன்.

"ஆக, சிஎன்சி மெஷின் மாதிரி மூணு ஆக்சிஸ்" என்றேன். ஓசூர் சிப்காட்டில் ஓர் உதிரிபாகக் கம்பெனியில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் இருபத்திரண்டு வருஷமாக வெர்னியரும் மைக்ரோமீட்டரும் பிடிக்கிறவன் வேறு எப்படிப் பேசுவான்? "சரி, டேட்டம் எங்க? எதையும் முட்டாத நாக்கை எங்கேருந்து அளப்பே?"

மகள் என்னை முதல் தடவையாக மதிப்போடு பார்த்தாள். லண்டனில் டேனியல் ஜோன்ஸ் என்கிற பேராசிரியர் இதே கேள்வியில்தான் மாட்டிக்கொண்டாராம். அவர் செய்தது எங்கள் தொழில்காரன் செய்கிற வேலை: ஒப்பிட்டு அளக்க மாஸ்டர் பீஸ் தயார் பண்ணினார். நாக்கை முன்பக்கம் உச்சிக்கு எவ்வளவு தூரம் ஏற்றலாம்? அதற்கு மேல் போனால் காற்று உரசி உயிர் மெய்யாகிவிடும், அதுவரைக்கும். அது ஓர் எல்லை. பின்பக்கம் அடியில் எவ்வளவு இறக்கலாம்? அது இன்னோர் எல்லை. நடுவில் காதுக்குச் சம இடைவெளி விட்டுப் படிகள். மொத்தம் எட்டு. எந்த மொழிக்கும் சொந்தமில்லாத எட்டு உயிர்கள். உலகத்து உயிரெழுத்து எதுவானாலும் இந்த எட்டுக்குப் பக்கத்தில் வைத்து, இது கொஞ்சம் கீழே, அது கொஞ்சம் பின்னே என்று சொல்லிவிடலாம்.

சிக்கல் என்னவென்றால், எங்கள் மாஸ்டர் பீஸை எண்ணெய் தடவிப் பெட்டியில் பூட்டி வைப்போம். ஜோன்ஸின் மாஸ்டர் பீஸ் அவர் வாய்க்குள் இருந்தது. மாணவர்கள் அவர் வாயைப் பார்த்து, காதால் கேட்டுத்தான் பிடிக்க வேண்டும், பாட்டு வாத்தியாரிடம் ஸ்வரம் பிடிக்கிற மாதிரி. அதனால் 1917-ல் அவற்றை கிராமபோன் தட்டில் பேசி வைத்தார். அதே காலத்தில் நாக்கின் மேல் மெல்லிய ஈயச் சங்கிலியைப் படுக்க வைத்து எக்ஸ்ரே படமும் எடுத்துக்கொண்டார், நாக்கின் வளைவு படத்தில் தெரிய வேண்டுமே என்று.

"சங்கிலியை வாய்க்குள்ள போட்டுக்கிட்டாரா?" என்றாள் சமையலறையிலிருந்து என் மனைவி. "அவர் வீட்டுல யாரும் ஒண்ணும் சொல்லலையா?" அந்தக் குரலில் வியப்பைவிட ஏதோ ஒரு யோசனைதான் அதிகம் இருந்ததாக எனக்குப் பட்டது.

வெள்ளைக்காரன் 1917-ல் செய்ததற்கு நாம் மலைப்பதா என்று எனக்கு ரோஷம் வந்தது. அலமாரியில் தொல்காப்பியம் இருக்கிறது, புத்தகத் திருவிழாவில் தள்ளுபடிக்கு வாங்கியது. முதல் தடவையாகத் திறந்தேன். உள்ளே வாங்கிய ரசீதும், செத்துப்போன ஒரு வெள்ளிப்பூச்சியும் இருந்தன. எழுத்ததிகாரம், பிறப்பியல். தொல்காப்பியர் பன்னிரண்டையும் மூன்று கூடையில் போட்டிருக்கிறார். வாயைத் திறந்தால் பிறப்பவை அ, ஆ. அதோடு நாக்கின் விளிம்பு மேல்பல்லின் அடியைத் தொடப் பிறப்பவை இ, ஈ, எ, ஏ, ஐ. உதடு குவியப் பிறப்பவை உ, ஊ, ஒ, ஓ, ஔ. பின்னால் வந்த நன்னூலும் ஏறக்குறைய இதையேதான் சொல்கிறது.

"எங்கேயும் முட்டாதுன்னியே, இவர் நாக்கு விளிம்பு தொடும்கிறாரே?" என்று மடக்கினேன்.

"ஈ சொல்லுங்க. நாக்கை அப்படியே வெச்சுக்கிட்டு மூச்சை உள்ள இழுங்க."

இழுத்தேன். நாக்கின் நடுவில் மட்டும் ஜில்லென்று ஓடியது. இரண்டு ஓரமும் மேல் கடைவாய்ப் பல்லோடு ஒட்டிக்கொண்டு, நடுவில் ஒரு வாய்க்கால். தடுப்பு இல்லை, கரை இருக்கிறது. நீங்களும் இப்போதே செய்து பார்க்கலாம், பக்கத்தில் ஆள் இல்லையென்றால். எக்ஸ்ரேயும் இல்லாமல் சங்கிலியும் இல்லாமல் தன் வாய்க்குள் அந்த மனிதர் இவ்வளவு தூரம் கவனித்திருக்கிறார். எனக்கு ஐம்பத்தோரு வயதாகிறது. என் வாய்க்குள் நான் கவனித்தது சொத்தைப் பல் ஒன்றைத்தான்.

அப்புறம் லேப்டாப்பைத் திறந்தாள். ப்ராட் என்று ஒரு மென்பொருள், ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தில் இருவர் எழுதி இலவசமாகக் கொடுத்தது. டச்சு மொழியில் பேச்சு என்று அர்த்தமாம். என் காதில் ஃப்ராடு என்று விழுந்தது. "அது உங்கப்பா பேரைச் சரியாத்தான் சொல்லுது" என்றாள் மனைவி. நாம் பேசினால் திரையில் கறுப்புப் பட்டைகள் வருகின்றன. முதல் பட்டை நாக்கின் உயரம்: ஈக்கு 300 ஹெர்ட்ஸ் சுமாரில் அடியில் கிடக்கும், ஆவுக்கு 700-க்கு மேல் ஏறும். நாக்கு இறங்கினால் பட்டை ஏறும், எல்லாம் தலைகீழ். இரண்டாவது பட்டை முன்–பின்: ஈக்கு 2000-ஐத் தாண்டும், ஊவுக்கு 1000-க்குக் கீழே விழும்.

ஆ, ஈ, ஊ மூன்றையும் கணீரென்று சொல்லிப் பாஸானேன். பிறகுதான் வார்த்தைகளைப் படிக்கச் சொன்னாள்.

"பருப்பு."

சொன்னேன். கையில் கண்ணாடியைக் கொடுத்து மறுபடி சொல்லச் சொன்னாள். கடைசி உவுக்கு உதடு குவிய வேண்டும் அல்லவா? தொல்காப்பியர் அப்படித்தானே சொன்னார்? என் உதடு குவியவே இல்லை. 'பு' என்று எழுதுகிற இடத்தில் உவும் இல்லாமல் இவும் இல்லாமல், உதட்டை அசைக்காமல் ஏதோ ஒன்றை முணுமுணுத்துவிட்டுப் போகிறேன். ஐந்து தடவை சொல்லிப் பார்த்தேன். வேண்டுமென்றே குவித்துச் சொன்னால் பருப்புக்கு முத்தம் கொடுக்கிற மாதிரி இருந்தது.

"அது குற்றியலுகரம்ப்பா. உங்க தொல்காப்பியத்துலயே இருக்கு. அரை மாத்திரைதான்."

பள்ளிக்கூடத்தில் குற்றியலுகரத்துக்கு ஆறு வகையும் ஒப்பித்து மார்க் வாங்கியவன் நான். அது என் வாயில் இருக்கிறது என்று யாரும் சொல்லவில்லை.

"பணம்." சொன்னேன். "கடைசியில உதடு மூடுச்சா?" மூடவில்லை. 'ம்' என்று எழுதுகிற இடத்தில் மூக்கு வழியாக ஓர் உயிரை இழுத்துவிட்டு வாயைத் திறந்தபடியே வைத்திருக்கிறேன். என்னிடம் பணம் ஏன் நிற்பதில்லை என்பது அன்றைக்கு விளங்கியது.

"தலை." தலெ. "இலை." எலெ. "குடை." கொடெ. "புகை." பொகெ. ஒன்றைக்கூட எழுத்தில் உள்ளபடி சொல்லவில்லை. காரணம், நாக்கின் சோம்பல். இ, உ சொல்ல உச்சிப் படிக்கு ஏறி, அடுத்த எழுத்திலேயே அகரத்துக்கோ ஐகாரத்துக்கோ கீழே இறங்க வேண்டும். எதற்கு இந்த அலைச்சல் என்று அது எ, ஒ என்கிற நடுப்படியிலேயே உட்கார்ந்துவிடுகிறது. மிளகாய் விஷயத்தில் இன்னும் மோசம். முன்னால் உதட்டெழுத்து ம, பின்னால் நாக்கை மடக்குகிற ள. நடுவில் சிக்கிய இகரம், வைஸில் மாட்டிய அலுமினியத் துண்டு மாதிரி நசுங்கி மொளகா ஆகிறது. பெட்டி பொட்டியானதும், பெண் பொண்ணானதும், பிடி புடியானதும் இதே நசுக்கல்தான்.

"எலெ, தலெ, கொடெ, ஒலெ" என்று மகள் விரல் விட்டு எண்ணினாள். "கன்னடத்துல இதையெல்லாம் இப்படியேதான் எழுதுறாங்க. இலை, தலை, குடை, உலை அடுப்பு. நீங்க இருபத்திரண்டு வருஷமா பாதி கன்னடம்தான் பேசுறீங்கப்பா. எழுதும்போது மட்டும் தமிழ்."

கன்னட எல்லையில் வீடு கட்டிக்கொண்டு, ஜூஜூவாடிக்கு அந்தப் பக்கம் ஒரு வார்த்தை விளங்காமல் முழித்துக்கொண்டிருக்கிற என்னைப் பார்த்து இப்படிச் சொன்னால் எப்படி இருக்கும்? ஆனால் யோசித்தால் உண்மைதான். நம் புகை, பேச்சில் பொகெ. பழைய கன்னடத்திலும் பொகெ. பிறகு கன்னடத்தில் சொல் முதலில் வந்த பகரம் ஹகரமாகத் தேய்ந்தபோது ஹொகெ. அருவி புகைபோல எழும்புகிற கல், ஒகேனக்கல். பக்கத்துத் தருமபுரி மாவட்டத்துக்குப் போய் எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு மீன் வறுவல் சாப்பிட்டு வந்த நாளிலெல்லாம் அது நம் புகைதான் என்று எனக்குத் தெரியாது.

ஊர்ப் பெயரும் அப்படியே. பழைய கன்னடத்துப் பொஸ, நம் புது. பொஸ ஹொஸ ஆகி, ஊரு சேர்ந்து ஹொஸூரு. அதாவது புதூர். நான் மதுரையில் கோ.புதூரில் பிறந்து வளர்ந்தவன். வேலை கிடைத்து வெளியூர் போகிறேன் என்று அம்மா அழுது, அப்பா பஸ் ஸ்டாண்டு வரை வந்து, முறுக்கு டப்பாவோடு வண்டி ஏறியது எல்லாம் புதூரிலிருந்து புதூருக்கு வரத்தான்.

அந்த ஹொஸூருவில் முதல் எழுத்து குறில். நாமோ ஓசூர் என்று நெடிலாக்கிவிட்டோம். பலகைகளைப் பாருங்கள், ஒரு கடையில் ஒசூர், அடுத்த கடையில் ஓசூர், மூன்றாவதில் ஹோசூர். இது புதுக் குழப்பமும் இல்லை. அந்தக் காலத்தில் எகரம், ஒகரம் குறிலானால் மேலே புள்ளி வைக்க வேண்டும் என்பது விதி. ஓலையில் புள்ளி வைத்தால் கிழியும் என்று எழுதியவர்கள் விட்டுவிட்டார்கள். குறிலா நெடிலா என்று படிக்கிறவன் தலையெழுத்துப்படி. 1680-ல் இத்தாலியில் பிறந்து தமிழ்நாட்டுக்கு வந்த வீரமாமுனிவர்தான் நெடிலுக்குத் தனி அடையாளம் போட்டு இதைத் தீர்த்தார் என்பார்கள். அந்தச் சுழியை எங்கள் ஊர்ப் பெயின்டர்கள் பெயின்ட் மிச்சம் இருந்தால் போடுகிறார்கள்.

குறில் நெடிலில் என்ன வந்துவிடப் போகிறது என்று கேட்பீர்கள். எனக்கு வந்தது. போன மாதம் பெங்களூர் போய்த் திரும்புகையில் மனைவி போன்: "ஏங்க, வரும்போது துவரம்பருப்பு." அத்திபெலெயில் இறங்கினேன். இருபத்திரண்டு வருஷ எல்லை வாசத்தின் பலனைக் காட்டிவிடுவது என்று கன்னடத்திலேயே கேட்டேன். பருப்புக்குப் பேளெ. ஏகாரம் நெடில், ளகரம். விலைக்குப் பெலெ. எகரம் குறில், லகரம். நான் இரண்டையும் மனதுக்குள் உருப்போட்டுக்கொண்டே போய், கவுண்டரில் நின்று, கம்பீரமாக, "ஒந்து கேஜி பெலெ கொடி" என்றேன்.

ஒரு கிலோ விலை கொடுங்கள்.

கடைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார். தமிழிலேயே சொன்னார்: "விலையைக் கிலோ கணக்குல விக்கிறதில்ல சார். பருப்பு இருக்கு, வேணுமா?" பக்கத்தில் நின்ற பள்ளிக்கூடப் பையன் சிரித்ததைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. ஊர் ஊராக ழகரம் திருத்தியவன் ஓர் ஏகாரத்தில் கவிழ்ந்தேன். சொல்லப்போனால் ளகரத்திலும்தான்.

என் மனைவிக்கு இந்தத் தொல்லை கிடையாது. அவளுக்குப் பிறந்த ஊர் தேன்கனிக்கோட்டை. பூக்காரியிடம் தெலுங்கு, பால்காரரிடம் கன்னடம், என்னிடம் தமிழ். நீளத்தை அவள் ஆளுகிற விதமே தனி. 'ஏங்க' என்பதில் ஏகாரம் இரண்டு மாத்திரை வந்தால் காப்பி ஆறுகிறது. மூன்று வந்தால் காஸ் தீர்ந்துவிட்டது. நான்கு என்றால் அவள் அம்மா வந்திருக்கிறார். சுருக்கென்று ஒரே மாத்திரையில் குறிலாக விழுந்தால் நான் செருப்பைத் தேடுவது நல்லது. மாத்திரை என்பது கண்ணிமைக்கிற நேரம் அல்லது கை நொடிக்கிற நேரம் என்று இலக்கணம் சொல்கிறது. எனக்கு அந்த நேரம்தான் கிடைக்கும்.

பதிவு முடிகிற கட்டத்தில் வாசலில் வேன் வந்து நின்றது. ஒலிபெருக்கியில் "வெங்காயேஏஏஏம்" என்று நீட்டி முழக்க, திரையில் என் ஔகாரத்தின் மேல் அவர் வெங்காயம் ஏறிப் படர்ந்துவிட்டது. மகள் தலையில் அடித்துக்கொண்டாள். நான் சும்மா இருக்காமல் நன்னூலைப் புரட்டினேன். பாட்டிலும், கூப்பிடுவதிலும், பண்டம் விற்பதிலும் எழுத்துகள் தம் அளவைத் தாண்டி ஒலிக்கலாம் என்று பவணந்தி முனிவர் இடம் கொடுத்திருக்கிறார். வேன்காரருக்கு இலக்கண அனுமதி இருக்கிறது. எனக்குத்தான் இல்லை. ஔவை என்று மறுபடி மூன்று தடவை சொன்னேன். மூன்று தடவையும் அவ்வைதான் வந்தது.

கம்பெனியில் அளவு தப்பின பீஸைச் சிவப்புத் தொட்டியில் போடுவோம். இருபத்திரண்டு வருஷத்தில் எத்தனை ஆயிரம் போட்டிருப்பேனோ, ஒரு பீஸும் என்னைத் திரும்பிக் கேட்டதில்லை. மகள் நோட்டில் என் ஔவுக்கு எதிரே சிவப்புப் பேனாவால் ஒரு கோடு போட்டபோது நானும் ஒன்றும் கேட்கவில்லை.

ஆனால் பருப்பை விடுவதாக இல்லை. ஒரு வாரம் மகளிடம் பயிற்சி எடுத்தேன். பே என்று நீட்டி, நாக்கை மடக்கி ளகரத்தைத் தொட்டு, எகரத்தில் இறக்கம். குளிக்கும்போது பேளெ, ஷேவ் பண்ணும்போது பேளெ. மகள் திரையைப் பார்த்து, "கன்னடக்காரங்களே தோத்தாங்க" என்று சான்றிதழ் கொடுத்துவிட்டு மைசூருக்கு பஸ் ஏறினாள்.

சனிக்கிழமை சாயங்காலம் அதே அத்திபெலெக் கடை. பழைய கடைக்காரர் இல்லை. கவுண்டரில் புதிதாக ஒரு பையன். நிமிர்ந்து நின்று, ஏகாரம் நெடிலாக, ளகரம் சுத்தமாக, "ஒந்து கேஜி தொகரி பேளெ கொடி" என்றேன்.

"க்யா?" என்றான். ஒடிசாவிலிருந்து வந்து நான்கு நாள்தான் ஆகிறதாம்.

மூட்டையை விரலால் காட்டினேன். ஒரு கிலோ நிறுத்துக் கொடுத்தான்.